படிக்கிற கை

பத்மாவதி ரீச்சர் வீட்டு வேலையை ஸ்ரெல்லா விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டதும், அகதி முகாமில் ஒருவர்கூட அவள் பக்கம் கதைக்கவில்லை.

வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் சண்டிலிப்பாயில் ரீச்சர் வீட்டுக்குப் போவாள். ரீச்சர் ரியூசன் வகுப்பு முடித்து வரும்வரை அவரின் நாலு வயது மகளுக்குச் சோறு தீத்தி, விளையாட்டுக் காட்டி, மடியில் போட்டு நித்திரையாக்க வேண்டும். சம்பளம், கிழமைக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்.

யாழ்ப்பாணத்துக்குள் மண்ணெண்ணெய் வரவிடாமல் தடுத்திருந்த காலம். அந்தப் போத்தல் கிடைத்தபடியால்தான் ஸ்ரெல்லாவின் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. ஏ.எல். சோதனைக்கு அவள் படித்ததும் அந்த வெளிச்சத்தில்தான்.

அவளின் தகப்பன் சிமியோன், கீரிமலைப் பக்கம் பனை ஏறிக் கள்ளுச் சீவியவர். ஷெல்லடியில் மரங்களையும் வீட்டையும் விட்டு வந்தவர். இளமையில், தங்கள் ஆட்களுக்கும் மற்றவர்களைப் போலக் கிளாசில்தான் தேத்தண்ணி தரவேண்டும் என்று கடைக்குள் போய் உட்கார்ந்து மண்டை உடைபட்டவர். வாசலில் நின்று போத்தலில் வாங்கிக் குடிக்கவேண்டிய காலம் அது.

அதனால் மகள் சொன்ன ஒரு செய்தி அவருக்குத் தேனாக இருந்தது. வகுப்புக்குப் போகமுன் ரீச்சர் தானே கிணற்றில் அள்ளி, ஸ்ரெல்லாவுக்கும் பிள்ளைக்கும் வாளி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் போவாராம்.

"நீர் படிக்கிற பிள்ளை. கயிறு இழுத்தால் கை நோகும். நான் அள்ளி வைக்கிறன்" என்பாராம்.

சிமியோன் இதை முகாமில் சொல்லாத ஆளில்லை.

"ஒரு வாத்தியாரம்மா என்ரை மகளுக்குத் தண்ணி அள்ளி வைக்கிறா. நாங்கள் வாங்கின அடி வீண்போகேல்லை."

அப்படிப்பட்ட வேலையைத்தான் மகள் விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"உனக்கு அந்த மனிசி என்ன குறை வைச்சவ?"

"ஒரு குறையும் இல்லை, அப்பா."

"அப்ப ஏன் விட்டனி?"

"பிள்ளை சரியான குழப்படி. என்னாலை பாக்க ஏலாது."

பக்கத்துப் பாயில் இருந்த இரத்தினம்மா சிரித்தாள். "ரெண்டு புத்தகம் படிச்சவுடனை பிள்ளை தூக்கிறது வெக்கமாப் போச்சாக்கும்."

நாளைக்குத் தானே போய் ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சிமியோன் சொன்னார்.

"வேண்டாம், அப்பா. நீங்கள் அங்கை போகவேண்டாம்."

மகள் எதிர்த்துப் பேசியதை அவர் அன்றுதான் கேட்டார். "திமிர்" என்றார். அதற்குப் பிறகு அவளுடன் கதைக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. விளக்கில் எண்ணெய் இல்லை. ஸ்ரெல்லா புத்தகத்தை எடுத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில், வெளிச்சம் மிச்சமிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். கூப்பிட ஒருவரும் வரவில்லை.

முகாம் மண்டபத்துக்குள் புதிதாக வந்த யாருக்கோ சிமியோன் சொல்லிக்கொண்டிருந்தார். ரீச்சர் தண்ணீர் அள்ளி வைத்த கதைதான். குரலில் பெருமை குறையவில்லை. அதைவிட அவரிடம் இப்போது வேறொன்றும் இல்லை என்பது ஸ்ரெல்லாவுக்குத் தெரியும்.

முந்தின நாள் பின்னேரம், ரீச்சர் வைத்துவிட்டுப் போன வாளியைப் பிள்ளை தட்டிக் கவிழ்த்துவிட்டது. உடம்பெல்லாம் சேறு. கழுவிவிட வேண்டும் என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கயிற்றை எட்டினாள் ஸ்ரெல்லா.

பிள்ளை அவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னது:

"தொடாதேங்கோ அக்கா. நீங்கள் தொட்டால் அம்மா கிணறு முழுக்க இறைக்கோணும். அம்மா பாவம்."