நெருஞ்சி

கதவைத் திறந்துகொண்டு மேலாளர் உள்ளே வந்தபோது, அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே அவருக்குப் பாதி வேலை முடிந்த திருப்தி. ஆள் அடங்கிவிட்டாள், இனி கையெழுத்துதான் பாக்கி.

கிளிப்பச்சைச் சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார். தரை ஓடு விற்கும் கம்பெனியிலிருந்து இந்த வீடியோ கேம் அணிக்கு அவர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இந்தத் தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு.

வந்த முதல் நாளே, லைட்டும் கேமராவும் பார்க்கிற பெண் இந்த அறையைச் சுற்றிக்காட்டி மூச்சுவிடாமல் விளக்கியிருந்தாள். “இது இவங்க விரலைக் காட்டுற கேமரா சார், அது முகத்துக்கு. எதிர் டீம்காரங்க லைவ்வை எட்டிப் பார்த்து, இவங்க ஒளிஞ்சிருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சிடக் கூடாதுல்ல? அதனால இங்க நடக்கிறதை மூணு நிமிஷம் நிறுத்தி வெச்சுதான் வெளியே விடுவாங்க. மைக் மேலேருந்து தொங்குது, தலையை இடிச்சுக்காதீங்க.” அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இந்தச் சுழல் நாற்காலியை எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார்.

“லைவ் எதுவும் ஓடலையே?” என்று இப்போது கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் தன் கைபேசியில் அவளுடைய லைவ் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அதில் அவள் ஹெட்போன் மாட்டியபடி மும்முரமாகச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“இங்க சும்மா உக்காந்திருக்கே, இதுல ஆடிக்கிட்டிருக்கே. பழைய வீடியோவைப் போட்டு விட்டிருக்கியா? நல்லதாப் போச்சு.” சத்தத்தை அடக்கிவிட்டுக் கைபேசியை மேசைமேல் வைத்தார்.

அவள் அவர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தாள். மூன்று மணிக்குக் கையெழுத்து வாங்க வருவதாகச் சொல்லி, காலையில் அனுப்பியிருந்த அதே ஒப்பந்தம்தான். ‘நெருஞ்சி’ என்று அவள் ஆடிவரும் பெயர் இனி அணிக்குச் சொந்தம், அந்தப் பெயரில் யார் ஆடுவது என்பதை அணியே முடிவு செய்யும் என்று அதில் இருந்தது.

“எனக்கு இது புரியலை சார். என் பேர்ல வேற யாரு ஆடுவாங்க?”

“அடுத்த வாரம் தகுதிச் சுற்று வருதில்ல? புதுசா ஒருத்தனை எடுத்திருக்கோமே, அவன் அடுத்த ரூம்ல உக்காந்து உன் பேர்ல ஆடுவான். நீ இங்க கேமராவுக்கு முன்னாடி விரலை மட்டும் ஆட்டிக்கிட்டிரு. அவ்வளவுதான்.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார். ஏசி இரைச்சல்ல சரியா கேக்கலை.”

அவள் கேட்ட பணிவு அவருக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி குரலை உயர்த்தி, முழுவதையும் இன்னொரு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“அப்ப நான் எதுக்கு சார்?”

“ஷாம்பு கம்பெனிக்காரன் உன் மூஞ்சிக்குத்தாம்மா விளம்பரம் தர்றான். பாக்க வர்ற கூட்டமும் அதுக்குத்தான் வருது. யாரு ஆடுறான்னு அந்த முட்டாப் பசங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

நெருஞ்சிக்குக் கோபத்தில் காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

“அஞ்சு வருஷமா ‘இவளா ஆடுறா, பின்னாடி இவ அண்ணன் உக்காந்து ஆடுறான்’னு எழுதிக்கிட்டே இருந்தாங்க சார். எங்கண்ணனுக்கு போன்ல எழுத்தைப் பெருசாக்கவே நான் வேணும்! அவங்க வாயை அடைக்கத்தான் விரலுக்கு நேரா கேமரா வெச்சேன். அந்தப் பொய்யை இப்ப நீங்க நிஜமாக்கச் சொல்றீங்க.”

“ஏம்மா, ஒரு பொண்ணு ஆடி ஜெயிச்சான்னு நாம சொல்லிக்கிட்டா போதாதா?”

“போன மாசம் கோப்பையை நான் ஆடித்தானே சார் ஜெயிச்சேன்?”

“அது ஏதோ அதிர்ஷ்டம். ஒரு பொம்பளையை நம்பி நான் களத்துல இறங்க முடியாது. கையெழுத்தைப் போடு. இல்லேன்னா நாளைலேருந்து நீ டீம்ல இல்ல. வெளியே போய் இதைச் சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். நான் அப்படிப் பேசவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவேன்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். தாளை நான்காகக் கிழித்து அவர் முன்னால் தள்ளினாள்.

“போட மாட்டேன் சார். நெருஞ்சின்னா நான்தான். ஜெயிச்சாலும் தோத்தாலும் என் விரல்தான் ஆடும்.”

“எவ்வளவு திமிரு!” என்று அவர் எழுந்தார். “இந்தத் திமிரை வெச்சுக்கிட்டு நீ இனிமே எங்க ஆடுறேன்னு நானும் பாக்குறேன்.”

“பாருங்க சார்” என்று அவருடைய கைபேசியை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

அதில் ஆட்டம் முடிந்திருந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்கள் நாற்பதாயிரம் பேர் என்று கீழே எண் காட்டியது. அவள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. கிளிப்பச்சைச் சட்டை போட்ட ஒருவர் உள்ளே நுழைந்து, காலரை நிமிர்த்திவிட்டுக்கொண்டார்.

மேலாளர் பாய்ந்து கைபேசியை எடுத்தார். “நிறுத்து... நிறுத்தும்மா அதை!” என்று கத்தினார்.

நெருஞ்சி நிதானமாக ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“ஏன் சார் பதறுறீங்க? நீங்க இப்பதானே உள்ளே வர்றீங்க!”