விடை நாளைக்கு

“கறி வைக்கிற கணவாய்க்கு எத்தின இருதயம், சொல்லு பாப்பம்?”

எலிசா கதவைத் திறந்ததும் திறக்காததுமாக மேல்வீட்டு யோகமலர் கேட்ட கேள்வி இது.

எலிசாவின் தோளில் கிடந்து பிள்ளை வீரிட்டுக்கொண்டிருந்தது. பிறந்து ஒரு மாதம்தான். தாய்க்காரி தலை வாரியே இரண்டு நாளிருக்கும்.

“எனக்குத் தெரியாதக்கா.”

“யோசிச்சு வை. விடை நாளைக்கு.”

அவ்வளவுதான். பிள்ளையைக் கொஞ்சம் தா, வைத்திருக்கிறேன் என்றில்லை. உனக்கு ஏலுமா என்றொரு வார்த்தை இல்லை. மனிசி படியேறிப் போய்விட்டாள்.

பிழைக்க வந்த குளிர்நாட்டில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியின் அந்தக் கட்டிடத்தில் தமிழ் வீடு இந்த இரண்டும்தான். எலிசா மன்னார், மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மாரிடம் படித்தவள். யோகமலர் மட்டக்களப்பு. சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆனாலும் எலிசாவின் புருசன் றெனோல்ட் காலையில் வேலைக்குப் பஸ் எடுத்த கையோடு கதவில் தட்டுக் கேட்கும்.

“மூண்டு, புள்ள! கணவாய்க்கு மூண்டு இருதயம்! சரி, இதுக்குச் சொல்லு. எலும்பு உனக்குக் கூடவா, உன்ர புள்ளைக்குக் கூடவா?”

மறுநாள்: “புள்ளைக்குத்தான்! வளர வளர ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போகுமாம். இஞ்சத்த மெட்ரோ ஏன் நிலத்துக்கு மேல வாறதேயில்ல?”

“அக்கா, பிள்ளை அழுகுது...”

“அழட்டும், நீ யோசி. விடை நாளைக்கு.”

றெனோல்ட்டுக்குச் சிரிப்பு. “அந்த மனிசிக்கு வேலைவெட்டி இல்லை. கதவைத் திறவாதையும்.”

திறக்காவிட்டால் திறக்கும்வரை தட்டுவாளே!

எலிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கும் வருவதில்லை. பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். உன் கையில் இது தப்பாது, நீ இல்லாவிட்டால் நல்ல கை ஒன்றில் வளரும் என்று மனம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. றெனோல்ட்டிடம் பாதி சொல்லிப் பார்த்தாள்.

“செபமாலை சொல்லும். சரியாப் போயிடும்” என்றான்.

ஒருநாள் யோகமலர், “பச்சைப் புள்ள அழக்குள்ள ஏன் கண்ணீர் வாறதில்ல?” என்று கேட்டாள். எலிசாவைப் பயமுறுத்திக்கொண்டிருந்ததும் அதுதான். நாளைவரை பொறுக்க முடியுமா? அந்த இடத்திலேயே போனைத் தட்டினாள்.

“அக்கா, நில்லுங்கோ! கண்ணீர்ச் சுரப்பி இன்னும் வடிவா வேலை செய்யத் தொடங்கேல்லையாம். அதுதானாம்.”

படியில் ஏறிக்கொண்டிருந்த யோகமலர் திரும்பினாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“போனில பாத்தியா?”

“ஓம். ஏனக்கா?”

“இனிப் பாக்கமாட்டன் எண்டு சொல்லு. மாதாவாணை சொல்லு!”

என்ன சின்னப்பிள்ளைத்தனம்! அடுத்தவளின் மாதாவை இதற்கெல்லாமா இழுப்பது? ஆனாலும் சொல்லாமல் இவள் போகப்போவதில்லை.

“மாதாவாணை பாக்கமாட்டன்” என்றாள் எலிசா. பிறகு பார்க்கவும் இல்லை. மாதா மேல் வைத்த ஆணையை மீற மடத்தில் படித்தவளுக்குக் கை வராது.

அந்த மாசியில் ஊரே உறைந்து கிடந்த ஒரு காலை, யோகமலர் யன்னலுக்கு வெளியே மரத்தைக் காட்டினாள்.

“ஒரு பிடி குருவி. இந்தக் குளிருக்க ராமுழுக்க வெளியில கிடக்கு. விடியும்வரைக்கும் எப்பிடி உயிரோட இருக்கு?”

“எப்பிடி?”

“நாளைக்கு.”

அன்று மத்தியானம் எலிசா பிள்ளையைக் குளிப்பாட்டிப் பால் கொடுத்துத் தொட்டிலில் கிடத்தினாள். றெனோல்ட்டுக்குச் சோறும் கறியும் மூடி வைத்தாள். போனை மேசையில் வைத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போக முடியாது.

படியடியில் கால் நின்றுவிட்டது.

அந்தக் குருவி.

கீழே போக வேண்டியவள் மேலே ஏறினாள்.

“அக்கா, அந்தக் குருவிக்கு விடை சொல்லுங்கோ.”

“நாளைக்கு.”

“இண்டைக்கே சொல்லுங்கோ. நாளைக்கு நான்...”

யோகமலர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். உடம்பில் கோட்டு. காலில் ஒன்றுமில்லை.

“புள்ள எங்க?”

“நித்திரை.”

யோகமலர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். தன் வீட்டுக் கதவையும் சாத்தாமல் அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட பிறகும் பிடியை விடவில்லை. மற்றக் கையால் மேசையில் கிடந்த எலிசாவின் போனை எடுத்து றெனோல்ட்டைக் கூப்பிட்டாள்.

“தம்பி, வேலைய விட்டிட்டு இப்பவே வா. இவளை டொக்டரிட்டக் காட்டோணும். மறுகா எண்டு சொல்லாத, இப்பவே!”

“கையை விடுங்கோ அக்கா!” எலிசா கத்தினாள். “ஒரு குருவிக் கதை. அதைக்கூடச் சொல்ல உங்களுக்கு மனமில்லை. தினமும் வந்து அரைகுறையாச் சொல்லி என்னை ஏன் வதைக்கிறியள்?”

யோகமலர் தரையில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

“எனக்கும் ஒரு மகள் இருந்தவள். புள்ள பெத்த கையோட இப்பிடித்தான், உன்னப் போலத்தான் ஆனவள். வாய் ஓயாமக் கேப்பாள். நானும் எல்லாத்துக்கும் அண்டைக்கண்டைக்கே விடை சொல்லிப்போட்டன்.”

தொட்டிலை ஒருமுறை பார்த்தாள்.

“விடிய எழும்பிக் கேக்கிறதுக்கெண்டு அவளுக்கு நான் ஒண்டையும் மிச்சம் வைக்கல்ல, புள்ள.”