மரியசூசையின் கடிகாரக் கூடு

மேஜைக்கு அந்தப்புறம் மரியசூசை அண்ணாச்சி, அவருக்கு இடப்பக்கம் மகள் ஜெசிந்தா, கூடு அழுத்தும் எந்திரத்தை ஒட்டி நான். கார்பன் இழைத்துண்டுகளைப் பிசினில் குழைத்து, அச்சில் அழுத்தி நான் சுட்டெடுத்த கைக்கடிகாரக் கூடு அவர் உள்ளங்கையில் இருந்தது. மறைந்த மனைவியின் கூந்தலையும் அதில் கலக்கச் சொல்லித் தந்திருந்தார்.

“இந்தா, இது உங்கம்மா,” என்று வளைந்த ஓர் இழையைத் தடவிக் காட்டினார்.

“எல்லாம் ஒரே கறுப்பாத்தானப்பா இருக்கு.”

“கூடவே இருந்தவனுக்குத் தெரியாதாக்கும்? நீங்க சொல்லுங்க தம்பி.”

“அதேதான் அண்ணாச்சி,” என்றேன்.

அவர் கூட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அவர்கள் போனதும் எழுதினேன்: “மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு, தேங்காயெண்ணெய்ப் பிசுக்குப் போக அலசாமல் கூந்தல் முழுவதையும் முதல் கூட்டில் போட்டுவிட்டேன். பிசின் பிடிக்காமல் அது பிளந்துபோனது. தங்களிடம் இருப்பது வெறும் கார்பன். அம்மா இத்துடன் இருக்கிறார்கள்.” பிளந்த கூட்டைப் பஞ்சில் பொதிந்து, கடிதத்தோடு உறையிலிட்டு ஒட்டினேன்.

கூரியர் கடையில், “உள்ள என்ன சார்?” என்று கேட்டார்கள்.

“கடிகார உதிரிபாகம்னு போட்டுக்குங்க,” என்றேன்.