பதினொரு பச்சைக் கட்டங்கள்

"இந்தத் தெருவுக்கு உயிர் இருக்கு!" என்றார் நகரத் திட்ட ஆய்வாளர் டாக்டர் விட்காம். அவர் கையிலிருந்த சுட்டுவிளக்கின் சிவப்பு ஒளி, திரையில் ஈ மாதிரி சுற்றியது.

லின்டன் தெருவில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். திரையிலிருந்த வரைபடத்தில் பதினொரு பச்சைக் கட்டங்கள், ஒன்றே ஒன்று சிவப்பு. பச்சை என்றால் ஆள் குடியிருக்கும் வீடு. சிவப்பு என்றால் கைவிட்ட வீடு, இடித்துவிடுவார்கள். பாதிக்கு மேல் சிவப்பாகிவிட்டால் அந்தத் தெருவுக்கே தண்ணீரும் விளக்கும் கோடையோடு நின்றுவிடும். மிச்சம் இருப்பவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மூன்றாவது வரிசையில், ரூஃபஸ் கேடிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்குப் புத்துயிர் ஊட்ட அவர் கண்ணெதிரே வந்திறங்கிய ஏழாவது திட்டம் இது.

ஒரு திட்டம் மீன் காட்சியகம் கட்டிவிட்டுப் போனது. பின்னாலேயே மீன்களும் போய்விட்டன. இன்னொன்று, எந்த இடத்துக்கும் போகாத ஒரு குட்டி ரயில். ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தவறாமல் ஆளுக்கொரு காப்பிக் கோப்பை கொடுத்தார்கள். ஊரில் கோப்பைக்கு மட்டும் பஞ்சமில்லை.

இந்தத் தடவை கோப்பையில் 'மூச்சு விடும் நகரம்' என்று எழுதியிருந்தது. தூக்கியதும் பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

"மீட்டர் கணக்கு, வரி ரசீது, எதையும் நாங்க நம்பல. மனுஷக் கண்ணை நம்பினோம்," என்றார் டாக்டர்.

மனுஷக் கண் என்பது, ஜனவரி மாதம் ஹீட்டர் போட்ட காருக்குள் உட்கார்ந்துகொண்டு, மணிக்குப் பதினைந்து மைல் வேகத்தில் தெருவைக் கடந்த இரண்டு கண்கள்.

அந்தக் கண்கள் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஜன்னல் திரைகள். பனி அள்ளிய நடைபாதைகள். செவ்வாய்க்கிழமை காலையில் தெருவோரம் வந்து நின்ற பதினொரு குப்பைத் தொட்டிகள், எல்லாம் ஒரே கோணத்தில்.

"என்ன ஒற்றுமை, பாருங்க! யாரும் சொல்லித்தராம, தானா மலர்ந்த சமூக ஒழுங்கு!"

பல தெருக்களிலிருந்து வந்திருந்த கூட்டம் கைதட்டியது. ரூஃபஸ் தட்டவில்லை.

அடுத்த படம், இருபத்தேழாம் எண் வீட்டு வராந்தா. அதில் ஒரு நீல நாற்காலி. "வேலைக்குப் போனவர் எப்ப வருவாருன்னு இந்த நாற்காலி காத்திருக்கு," என்றபோது டாக்டரின் குரல் தழுதழுத்தது.

அந்த நாற்காலியை ரூஃபஸுக்கு நன்றாகத் தெரியும். இடது கால் ஆடும்.

கடைசிப் படம்தான் சிவப்புக் கட்டம். நாற்பத்தோராம் எண். ஜன்னலில் திரைக்குப் பதிலாக ஒரு பழைய போர்வை. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. தொட்டி இல்லை, நாற்காலி இல்லை.

"ஆள் நடமாட்டத்துக்கு ஒரு அறிகுறிகூட இல்ல," என்றார் டாக்டர். "பாவம், எப்பவோ போயிட்டாங்க."

ரூஃபஸுக்குக் காது சூடேறியது. அது அவருடைய வீடு. அந்தப் போர்வைக்குப் பின்னால்தான் இன்று காலை இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்.

பக்கத்தில் இருந்த லொரேன் பிஸ்குலா முழங்கையால் இடித்தார். எதிர்வீட்டுக்காரர், எழுபத்திரண்டு வயது. இந்தத் தெருவை விட்டு நகரமாட்டேன் என்று, கூட்டிப்போக வந்த இரண்டு மகன்களையும் டெக்சாஸுக்கே திருப்பி அனுப்பியவர்.

"யோவ், கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்க! உயிரோடதான் இருக்கேன்னு எந்திரிச்சுச் சொல்லித் தொலையேன்!"

ரூஃபஸ் கையைத் தூக்கினார்.

"ஆட்சேபணையா? தாராளமா!" டாக்டரின் முகம் மலர்ந்தது. "ஒருத்தர் சொன்னாலே போதும். அந்தத் தெருவுல ஒவ்வொரு வீடா கதவைத் தட்டி, ஆளை நேர்ல பார்த்து, முதல்லேருந்து எண்ணிடுவோம்."

பாதி உயர்ந்த கை பின்னந்தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. லொரேனும் வாயை மூடிக்கொண்டார்.

கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டுமே.

அந்தப் பதினொரு பச்சைக் கட்டங்களில் ஆள் இருந்தது ஒன்றே ஒன்றில். அது லொரேனின் வீடு. மற்றப் பத்து வீட்டுக்கும் குடித்தனக்காரர் ரூஃபஸ்தான். தெரு காலியாகத் தெரியக் கூடாதென்று, மூன்று குளிர்காலமாகச் செவ்வாய்தோறும் பத்துத் தொட்டிகளையும் லொரேனுடையதையும் இழுத்து வைத்தார். பதினொரு வாசலிலும் பனி அள்ளினார். பன்னிரண்டாவதாகத் தன் வாசலுக்கு வரும்போது இடுப்பு போயிருக்கும். ஒரு வீட்டில் தொட்டி இல்லையென்று தன்னுடையதைக் கொண்டுபோய் வைத்தார். திரை போதாமல் தன் வீட்டுத் திரையையும் கழற்றி மாட்டினார்.

"நாற்பத்தொண்ணுல யாரு இருந்தாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர்.

ரூஃபஸ் எழுந்து நின்றார்.

"ஒரு கிழட்டு முசுடு. பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தான். போயிட்டான். இடிச்சுக்குங்க."

டாக்டர் கண்களை மூடித் தலை குனிந்தார். அவரைப் பார்த்துக் கூட்டமும் குனிந்தது. ஓர் அரை நிமிடம் இருமல் சத்தம்கூட இல்லை. தனக்கு நடந்த அஞ்சலி முடியும்வரை ரூஃபஸ், கோப்பையின் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

உட்கார்ந்ததும், லொரேன் தரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"எந்த வீட்டுக்குப் போகப்போற?"

"இருபத்தேழு," என்றார் ரூஃபஸ். "என் நாற்காலி அங்கதான் இருக்கு."