வெளியே கேட்காத அறை

ஆல்வின் பேய்ப்படங்களைப் பார்த்து ஒரு ராப் பாட்டு எழுதியிருந்தான். பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெண் பேயிடம் மாட்டிக்கொள்ளும் இடத்தில் நிஜமான அலறல் வேண்டும் என்று அக்கா ரோஸ்லினைக் கூப்பிட்டான். ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்தும்போது அவள், "இங்க கத்துனா வெளிய கேக்காதுல்ல?" என்றாள். ஒரே தடவைதான் கத்தினாள். ஆல்வின் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். வெளியே வந்தவளின் கழுத்தில் விரல் தடங்களைப் பார்த்து, "மச்சானா?" என்று கேட்டான். "பாட்டு நல்லா வந்துச்சா, அதச் சொல்லு" என்று துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். மச்சானிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தான். பாட்டு வெளியாகி, ஊரே அந்த அலறலைக் கத்திக்காட்டி, மேடை மேடையாக அழைப்பு வந்ததில் மூன்று மாதம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டு மாடிப்படி ஏறும்போதே அலறல் கேட்டது. கீழ்வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே சிரித்தாள். "உங்க பாட்டுதான் தம்பி. உங்க மச்சான் தினமும் போடுவாரு." ஆல்வின் நின்று கேட்டான். அலறலுக்கு அடியில் பீட் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். உள்ளே பாட்டு தொடங்கியது. தட்டத் தட்ட அதன் சத்தம் கூடிக்கொண்டே போனது.