கீழ் வீட்டு ரிமோட்

கீழ் வீட்டில் தனியாகக் குடியிருக்கும் பாமாவின் செட்டாப் பாக்ஸிலிருந்து ஒயர் இழுத்து, மாடியில் தன் வீட்டு டிவிக்கும் கொடுத்திருந்தான் குணசீலன். ரிமோட் கீழேதான், அங்கே எதை வைத்தாலும் அதுவே மேலேயும் ஓடும். "ரெண்டு பாக்ஸ் எதுக்கு?" என்று அவன் கேட்டபோதே மனைவி தில்லைநாயகிக்கு என்னவோ உறுத்தியது.

அன்று சாயங்காலம் போன் செய்தான். "பஸ் இன்னும் விழுப்புரமே தாண்டல, தில்லை."

அவள் பார்த்துக்கொண்டிருந்த சீரியலில் விளம்பரம் வந்தது. வந்த நொடியே சேனல் மல்யுத்தத்துக்குத் தாவியது. விளம்பரம் வந்தால் இப்படித் தாவுகிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமல், மாடியில் தனி பாக்ஸ் இருந்த நாளில் தினமும் அதட்டிய அதே குரலில் சொன்னாள்:

"ஏங்க, சீரியலையே வைங்க. பாத்துட்டிருக்கேன்ல?"

"சரி, சரி" என்றான் குணசீலன்.

சீரியல் திரும்பி வந்தது.