கயிறு பார்க்க ஓர் ஆள்

"போன மாசம் கயிறு அறுந்து ஒருத்தன் விழுந்ததுல காட்டிலாகா துரைக்கு ரொம்பக் கோவம். இனி வாராவாரம் கயித்தைச் சோதிச்ச பொறவுதான் தேன்பாறையில இறங்கோணும். யாரைச் சோதிக்கச் சொல்லலாம்?" குத்தகைக்காரர் ஜாபர் உசேன் கேட்டார்.

"சடையனை வெய்யுங்க," என்றான் தேனெடுக்கக் கயிற்றில் இறங்கும் செங்கோடன்.

ஜாபர் திகைத்தார். ஊர் நோம்பித் திருவிழாவில் இருவரும் கட்டிப் புரண்டு சண்டையிட்டதைப் பார்த்தவர் அவர்.

சடையன் வந்தான். செங்கோடனை ஏறிட்டும் பார்க்காமல் கயிற்றை முழம் முழமாகத் தடவி, நடுவில் அரிவாளால் வெட்டி எறிந்தான்.

"ஆகாதுங்க. புதுசு திரிக்கச் சொல்லுங்க. அடுத்த வாரமும் வாரேன்."

அவன் போனதும் ஜாபர் பொருமினார்: "உம்மேல இருக்கற கோவத்துல நல்ல கயித்தை வெட்டிட்டானே!"

செங்கோடன் வெட்டுவாயைப் பிரித்துக் காட்டினான். உள்நார் கறுத்து இற்றிருந்தது.

"கோவம் எம்மேலதாங்க. கயித்துல தொங்கறது அவன் தங்கச்சி தாலிங்களே!"